ஆசிரியையின் வேலை நேரத்தை முதலில் எண்ணுங்கள்

எனக்கு எழுதிக் கேட்டவர் வடசென்னையில் கொருக்குப்பேட்டையில் குடியிருப்பவர். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அவருடைய மனைவி தண்டையார்பேட்டை பக்கம் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பது ஆண்டுகளாகக் கணித ஆசிரியை. ஆறாம் வகுப்பில் ஒரு பிரிவு, ஏழாம் வகுப்பில் ஒரு பிரிவு, மொத்தம் தொண்ணூறு பிள்ளைகள். சம்பளம் 16,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே மனைவியின் முகம் மாறிவிடுகிறது, தூக்கம் வருவதில்லை, தொண்டை கட்டிக்கொண்டே இருக்கிறது, சொந்தப் பிள்ளையிடமே எரிந்து விழுகிறார் என்கிறார். "நாலு மணிக்கு வீட்டுக்கு வருகிற வேலை, மே மாதம் முழுக்க லீவு, இதில் என்ன களைப்பு?" என்று அவருடைய அம்மா கேட்கிறாராம். வேலையை விடச் சொல்வதா, டாக்டரிடம் அழைத்துப் போவதா என்பது கேள்வி.

தம்பி, நான் முதலில் தனியார் பள்ளியிலும், பிறகு வியாசர்பாடி பக்கம் மாநகராட்சிப் பள்ளிகளிலும் பாடம் நடத்தி, தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள். நீங்கள் எழுதிய ஒவ்வொரு அறிகுறியையும் ஆசிரியர் அறையில் பார்த்திருக்கிறேன். வேலையை விடுவதா, டாக்டரா என்ற இரண்டு கேள்விக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. உங்கள் மனைவி வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். ஷிப்ட் தொடங்கும் நிமிடமும் முடியும் நிமிடமும் பதிவாகிற இடத்தில் வேலை செய்யும் உங்களுக்கு இது புதிய பழக்கம் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போகிறீர்கள். ஒருவருடைய நேரத்துக்கு மட்டும்தான் கணக்கு இருக்கிறது. பிரச்சினையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம். காலை எட்டேகால் முதல் மாலை நாலேகால் வரை பள்ளி என்றால் ஐந்து நாளுக்கு 40 மணி நேரம். சனிக்கிழமை அரை நாள் வரச் சொன்னால் இன்னும் 4. ஆசிரியை வீட்டுக்குக் கொண்டுவரும் துணிப்பையை ஒரு நாள் திறந்து பாருங்கள். வகுப்பு நோட்டு 90, வீட்டுப்பாட நோட்டு 90. ஒரு கணித நோட்டைத் திருத்த இரண்டு நிமிடம் போதும் என்று வைத்துக்கொண்டால்கூட (விடை தப்பு என்று சுழித்துவிட்டுப் போவதானால் போதும், எந்த வரியில் தப்பியது என்று பார்க்கப் போதாது) 90 நோட்டுக்கு 3 மணி நேரம். இரண்டு வகைக்கும் சேர்த்து 6. வாரத் தேர்வு இருந்தால் ஒரு தாளுக்கு ஐந்து நிமிடம் வீதம் ஏழரை மணி நேரம். பாடக்குறிப்பு எழுத ஞாயிற்றுக்கிழமை 3 மணி நேரம். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோருக்குப் பதில், முதல்வருக்குப் பதில், வீட்டுப்பாடத்தைப் படம் எடுத்துப் போடுவது என்று நாளுக்கு அரை மணி, வாரத்துக்கு மூன்றரை. கூட்டினால் 64 வருகிறது. மாதத்துக்கு ஏறக்குறைய 277 மணி நேரம். அவருடைய 16,000 ரூபாயை அதால் வகுத்தால் மணிக்கு 58 ரூபாய்கூடத் தேறாது. ஆண்டு விழா ஒத்திகை, விளையாட்டு விழா, ஏப்ரல் வெயிலில் தெருத்தெருவாக அட்மிஷனுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போவது எதையும் நான் இதில் சேர்க்கவில்லை.

ஆலைத் தொழிலாளிக்கு வாரம் 48 மணி நேரம் என்ற உச்சவரம்பை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்தது. அதைத் தாண்டினால் இரட்டிப்புக் கூலி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்குவதற்கு முன் அரை மணி நேர இடைவேளை என்றும் சொன்னது. ஆசிரியருக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை நடத்தும் ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேரம் என்று இருக்கிறது. பாடத்துக்குத் தயாரிக்கும் நேரமும் அதற்குள் அடக்கம். நான் பார்த்த ஆசிரியர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வரியைப் படித்ததே இல்லை. தயாரிப்பும் வேலைதான், அதுவும் எண்ணப்பட வேண்டியதுதான் என்று நாட்டின் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஆனால் அதே வரியில் ஒரு பெரிய ஓட்டையும் உண்டு. 45 என்பது குறைந்தபட்சம். அதிகபட்சம் எவ்வளவு என்று அங்கே எழுதவே இல்லை.

நீதிமன்றத்திலும் ஆசிரியருக்கு இந்த விஷயத்தில் பிடிமானம் குறைவு. 1988-இல் கோவாவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை தொடுத்த வழக்கில், தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் செய்வது உயர்ந்த பணி, அதனால் அந்தச் சட்டத்துக்குள் அடங்காது என்பதுதான் வாதம். உயரத்தில் வைத்த மரியாதையால் கூடுதல் நேரத்துக்குக் கணக்குக் கேட்கும் வாசல் மூடிக்கொண்டது. அரசுப் பள்ளி ஆசிரியருக்காவது பணி விதிகளும் சங்கங்களும் இருக்கின்றன. மெட்ரிக் பள்ளி ஆசிரியைக்குத் தாளாளரின் மனசுதான் விதி.

இதைப் படிக்கும்போது உங்களுக்குப் பெரம்பூர் நினைவுக்கு வர வேண்டும். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் அங்கேதான் தொடங்கியது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள், பின்னர் சங்கத்தின் தலைவரான பி.பி. வாடியாவிடம் கொண்டுபோன முதல் குறைகளில் ஒன்று கூலியைப் பற்றியதே இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை, உணவை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது என்பதுதான் அது. அந்தச் சங்கத்தை வழிநடத்தியவர்களில் ஒருவரான திரு.வி.க., ராயப்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்துவிட்டு வந்தவர். சாப்பாட்டு நேரத்துக்காக இந்தியாவின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்று கூடிய மண் இது. நூறு ஆண்டு கழித்து, அதே பெரம்பூரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் ஆசிரியைகளுக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கிடையாது என்று நான் மிகைப்படுத்தவில்லை. மணி பன்னிரண்டு நாற்பது. பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள். வகுப்பாசிரியை அவர்களோடு நின்றாக வேண்டும். ஒரு கையில் தன் பாக்ஸின் மூடி, அதில் நாலு வாய் எலுமிச்சைச் சாதம். இரண்டு வாய் போனதும் ஒரு பையன் தண்ணீர்ப் பாட்டிலைக் கவிழ்க்கிறான். துடைத்து முடித்தால், சாப்பாடே கொண்டுவராத ஒரு பெண் மூலையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படுகிறது. தன்னுடையதில் பாதியை அவளுக்குக் கொடுத்தாகிறது. மணி ஒன்றேகால், அடுத்த பாடவேளை. பாக்ஸ் பாதியோடு பைக்குள் போகிறது. கழிவறைக்குப் போக நேரமில்லை என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாள். சிறுநீர்த் தொற்றும் தொண்டைக்கட்டும் ஆசிரியைகளுக்கு ஏன் இப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று கேட்பவர்கள் இந்த முப்பத்தைந்து நிமிடத்தை நின்று பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மாவுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொல்வதில் தப்பில்லை, அவர் பார்த்த பள்ளி அப்படி இருந்தது. அன்று ஆசிரியர் மாலை மணி அடித்தால் வீட்டுக்கு வந்துவிடுவார், வேலை பள்ளியிலேயே தங்கிவிடும். இன்று போனில் ஏறி வேலையும் கூடவே வருகிறது. இரவு ஒன்பதரைக்கு ஒரு தகப்பனார் "நாளைக்கு என்ன டெஸ்ட் மிஸ்?" என்று கேட்கிறார். மாலை ஆறு மணிக்கே குழுவில் போட்டாயிற்று, ஆனாலும் கேட்கிறார். பதில் வரவில்லை என்றால் காலையில் முதல்வர் அறைக்குப் போய்விடும். ஒரு மணி நேர வேலையைவிட, எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்திருக்கும் இந்த நிலைதான் மனிதரை அதிகம் அரிக்கும். மே மாத விடுமுறையும் அப்படித்தான். பல மெட்ரிக் பள்ளிகளில் அதில் பாதி அட்மிஷனுக்குப் போய்விடுகிறது. சில இடங்களில் அந்த மாதச் சம்பளமும் போய்விடுகிறது.

மருத்துவர்கள் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1974-இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்தவர்களிடம் இந்த நிலையைக் கவனித்து, 'பர்ன்அவுட்' என்று பெயரிட்டு எழுதினார். முதலில் சரிந்து விழுந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர், மனசை முழுசாகக் கொடுத்து வேலை செய்தவர்கள். பின்னால் இன்னோர் உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் இதற்கு மூன்று முகங்கள் உண்டு என்று பிரித்துக் காட்டினார். ஒன்று, உள்ளே எதுவும் மிச்சமில்லாத களைப்பு. இரண்டு, யாருக்காக வேலை செய்கிறோமோ அவர்களிடமிருந்தே மனசு விலகிப்போவது. மூன்று, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதை நோய் என்று வகைப்படுத்தாமல், சரியாகக் கையாளப்படாத பணிச்சூழல் அழுத்தத்தின் விளைவு என்று பதிவு செய்தது. அதாவது, கோளாறு ஆளிடம் இருக்கிறது என்று தொடங்காமல், வேலை எப்படி அமைந்திருக்கிறது என்றுதான் முதலில் பார்க்கச் சொல்கிறார்கள்.

களைப்பு எல்லாருக்கும் தெரியும். நான் அதிகம் பயப்படுவது அந்த இரண்டாவது முகத்துக்குத்தான். பிள்ளைகளின் பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்த ஆசிரியை, ஒரு கட்டத்தில் "அந்தக் கடைசி பெஞ்ச்" என்று மொத்தமாகப் பேச ஆரம்பிப்பார். காசிமேட்டுப் பையன் இரண்டு நாள் வரவில்லை என்றால், மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் காசு இல்லையோ, அப்பா குடித்துவிட்டு வந்தாரோ என்று முன்பெல்லாம் விசாரிப்பார். இப்போது வராதது நல்லது, ஒரு நோட்டுக் குறைந்தது என்று நினைப்பார். நினைத்ததற்காக இரவில் தன்னையே வெறுப்பார். உங்கள் மனைவி சொந்தப் பிள்ளையிடம் எரிந்து விழுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பு குறைந்துவிட்டது என்று தயவுசெய்து எண்ண வேண்டாம். நாள் முழுவதும் தொண்ணூறு பிள்ளைகளுக்குப் பொறுமையைப் பங்கிட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டு வாசலில் கையில் ஒன்றும் மீதியில்லை.

வடசென்னையில் இந்தப் பாரம் இன்னும் கொஞ்சம் கூடுதல். நம் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லை, அம்மா விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுகிறார். அதனால் படிப்பு முழுவதும் பள்ளியிலேயே முடிய வேண்டும் என்று ஆகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தது, எண்ணூரில் எண்ணெய் பரவியது, அதே மாதக் கடைசியில் அங்கே அமோனியா கசிந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த ஆசிரியை, வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த பிள்ளைகளுக்கு, தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வை நடத்தினார். அவரிடம் அன்று யாரும் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

அரசுப் பள்ளிக்குப் போனால் தீர்ந்துவிடும் என்று உங்கள் மனைவி நினைத்திருக்கலாம். சம்பளமும் பாதுகாப்பும் பெரிய விஷயம், மறுக்கமாட்டேன். ஆனால் அங்கே பாரம் வேறு வடிவில் இருக்கிறது. பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசின் எமிஸ் இணையதளத்தில் வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் விவரம், மதிப்பீட்டு விவரம் என்று பாடவேளைக்குள்ளேயே போனைப் பார்த்தாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகியவற்றைத் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. அந்த மூன்றே போதும். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது வாக்குச்சாவடி நிலை அலுவலராகத் தெருத்தெருவாகப் படிவம் கொடுத்தவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றாயிற்று. இருபது ஆண்டு பாடம் நடத்தியவர் இரவில் உட்கார்ந்து குழந்தை உளவியல் கைடு படித்ததை நான் பார்த்தேன்.

இனி பள்ளிகளின் பணிப் பண்பாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் பாரம் மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. எத்தனையோ பள்ளிகளில் ஆண்டு விழா மேடையில் ஒரு நாள்கூட லீவு எடுக்காத ஆசிரியைக்குப் பரிசு கொடுக்கிறார்கள். கை தட்டுகிறோம். அவள் காய்ச்சலோடு வந்த நாட்கள் அதில் எத்தனை, பிள்ளையை ஸ்டான்லி மருத்துவமனையில் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்த நாள் எது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் இன்னொருத்தி தற்செயல் விடுப்பு கேட்கும்போது, அந்தப் பரிசு அவள் முன்னால் வந்து நிற்கிறது. விடுப்பு எடுத்தால் தன் வகுப்பு தோழியின் தலையில் விழும். அவளுக்கு இருக்கும் ஒரே ஓய்வுப் பாடவேளையும் போகும். அதனால் எடுப்பதில்லை. நிர்வாகம் ஒரு மாற்று ஆசிரியரை வைக்காததன் செலவை இரண்டு தோழிகள் தங்களுக்குள் பங்கிட்டுக் கட்டுகிறார்கள், சில சமயம் ஒருவரையொருவர் கசந்துகொண்டு.

மதிப்பெண்ணும் அப்படித்தான். பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை 2017-இல் அரசு நிறுத்தியது. 2025-26 முதல் பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையும் நிறுத்திவிட்டது. இரண்டும் நல்ல முடிவுகள். ஆனால் பள்ளி வாசலில் சென்டம் எடுத்தவர்களின் படம் போட்ட பிளெக்ஸ் மட்டும் இறங்கவில்லை. அந்த பிளெக்ஸுக்காக ஆறாம் வகுப்பிலேயே வாரத் தேர்வு, ஏழாம் வகுப்பிலேயே மாலைச் சிறப்பு வகுப்பு. பதினொரு வயதுப் பிள்ளைக்கு வாரத்துக்கொரு கணிதத் தேர்வு எதற்கு? அந்தப் பிள்ளைக்கும் பயனில்லை, திருத்துகிறவளுக்கும் பயனில்லை.

சிறு பள்ளி நடத்துகிறவர்களின் கஷ்டமும் எனக்குத் தெரியும். கட்டணம் மூன்று தவணை பாக்கி வைக்கும் பெற்றோரை வெளியே அனுப்ப முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத ஒதுக்கீட்டில் சேர்த்த பிள்ளைகளுக்கு அரசு தர வேண்டிய பணம் தாமதமாகிறது. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்த நேரத்தில் அது இன்னும் இழுத்தது. இருக்கலாம். ஆனால் அந்தப் பற்றாக்குறையை ஆசிரியையின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எடுத்து நிரப்புவதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? இரண்டு வாரம் ஒரு சிறு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பள்ளிக்குள் போன நேரம், வந்த நேரம், வீட்டில் திருத்திய நேரம், போன் பார்த்த நேரம். அவர் மறந்தால் நீங்கள் எழுதுங்கள். இதை அவரைச் சோதிக்கும் காரியமாக்கிவிடாதீர்கள், அவருக்குச் சாட்சியாக இருங்கள். நான் சொன்ன 64 அவருக்கு 55 ஆகவும் இருக்கலாம், 70 ஆகவும் இருக்கலாம். எண் கையில் வந்ததும் பேச்சு மாறும். "எனக்கு முடியவில்லை" என்று ஆரம்பிக்கும் பேச்சு முதல்வர் அறையில் எடுபடாது. "இந்த வேலைக்கு இவ்வளவு நேரம் ஆகிறது, எதை விடட்டும்?" என்று ஆரம்பிப்பதற்கு முதல்வர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த அறைக்கு உங்கள் மனைவி தனியாகப் போகக் கூடாது. தனியாகப் போகிறவர் குறை சொல்கிறவர் ஆகிவிடுவார். ஒரே பாரம் சுமக்கும் நாலைந்து பேர் சேர்ந்து, தங்கள் நோட்டுகளோடு போகட்டும். முதல் பேச்சிலேயே சம்பள உயர்வைக் கேட்டால் கதவு சாத்தப்படும், அதை அடுத்த ஆண்டு பேசலாம். செலவில்லாதவற்றைக் கேட்கட்டும். மதியம் அரை மணி நேரம் மாற்றி மாற்றி யாராவது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. வாரத்தில் இரண்டு ஓய்வுப் பாடவேளைகளை யாருக்காகவும் எடுக்காமல் விடுவது. மாலை ஏழு மணிக்கு மேல் குழுவில் செய்தி கிடையாது என்று பள்ளியின் பெயரிலேயே பெற்றோருக்கு அறிவிப்பது. வாரத் தேர்வை மாதம் இருமுறையாக்குவது. இதில் இரண்டு கிடைத்தால்கூட வாரத்தில் நாலைந்து மணி நேரம் திரும்பி வரும்.

திருத்தும் வேலையில் அவரே குறைக்கக்கூடியதும் உண்டு. கணிதத்தில் வீட்டுப்பாடத்தை மறுநாள் முதல் பத்து நிமிடத்தில் பலகையில் போட்டு, பிள்ளைகளே நோட்டை மாற்றிக்கொண்டு திருத்தலாம். அடுத்தவன் செய்த தப்பைக் கண்டுபிடிக்கும் பிள்ளை, சிவப்பு மையில் சுழித்து வாங்கும் பிள்ளையைவிட நன்றாகக் கற்கிறது. ஆசிரியை வாரம் ஒரு முறை முப்பது நோட்டை மட்டும் எடுத்து, தப்பு எங்கே தொடங்கியது என்று நிதானமாகப் பார்த்தால் போதும், மூன்று வாரத்தில் எல்லாரும் வந்துவிடுவார்கள். எல்லா நோட்டிலும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும் என்று இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பயந்து கேட்கும் முதல்வரிடம் இதை விளக்க வேண்டியிருக்கும். விளக்கலாம். தொண்டைக்கு, இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு மைக் ஒன்று வாங்கிக் கொடுங்கள். மின்விசிறிச் சத்தத்தையும் கண்டெய்னர் லாரிச் சத்தத்தையும் தாண்டி ஆறு பாடவேளை கத்துவதற்குக் குரல்வளை படைக்கப்படவில்லை. மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியே இருந்தால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், தம்பி. காலை நாலரைக்கு எழுந்து மூன்று பேருக்குச் சமைத்து, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போடுவதற்குள் கடந்துவிட வேண்டும் என்று ஓடுகிறவருக்கு, இரவு பாத்திரமும் சேர்ந்தால் அந்த 64 எண்பதைத் தாண்டும். உங்கள் ஷிப்ட் அனுமதிக்கும் நாட்களில் சமையலில் ஒரு வேளையும் பிள்ளையின் வீட்டுப்பாடமும் உங்களுடையதாக இருக்கட்டும். உதவி செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல், உங்கள் வேலையாகவே செய்யுங்கள்.

டாக்டர் விஷயம். மே விடுமுறையில் இரண்டு வாரம் ஓய்வு கிடைத்தால் முகம் தெளிந்து, ஜூலையில் திரும்ப வாடுகிறது என்றால் அது பெரும்பாலும் வேலை தரும் வாட்டம். விடுமுறையிலும் தெளியவில்லை, பிடித்த பாட்டும் பிடித்த சாப்பாடும்கூட ருசிக்கவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து தூங்க முடியவில்லை என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு, குணமாகும். இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரு முறை வந்தாலும் மே வரை காத்திருக்காதீர்கள், அன்றே அழைத்துப் போங்கள். ஸ்டான்லியில் மனநலப் பிரிவு இருக்கிறது, கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. இரவில் பேச வேண்டுமானால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் இலவசமாகப் பேசலாம். இன்னொன்று, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் பள்ளிகளும் தமிழ்நாட்டில் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்துக்குள் வருகின்றன. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கும் போகலாம், மருத்துவ விடுப்புக்குப் பணமும் கேட்கலாம். இல்லையென்றால் ஏன் இல்லை என்று பள்ளியில் கேட்க வேண்டும்.

வேலையை விடுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், நீங்களோ உங்கள் அம்மாவோ அல்ல. ஒன்பது ஆண்டு கணிதம் நடத்திய கை அது. பள்ளி மாறினாலே போதும் என்றுகூட இருக்கலாம். இதே வட்டாரத்தில் மாலை நாலரைக்குமேல் ஆசிரியர்களைக் கூப்பிடாத தாளாளர்களும் இருக்கிறார்கள், எனக்கே சிலரைத் தெரியும். எண்ணிப் பார்த்து, பேசிப் பார்த்து, ஒன்றும் அசையவில்லை என்றால் விடட்டும். அப்படி விடுவது தோல்வி ஆகாது. ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்தில்லாத வரை நடுவருடத்தில் விட வேண்டாம். ஏப்ரல் கடைசியில், எழுத்தில், முன்கூட்டியே அறிவித்துவிட்டு வரட்டும். அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்காமல் வர வேண்டாம். அசல் சான்றிதழ்களைச் சில பள்ளிகள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. அப்படி இருந்தால் பேச்சு தொடங்குவதற்கு முன்பே ஒரு காரணம் சொல்லித் திரும்ப வாங்கிவிடுங்கள். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பணிக்கொடையை (கிராஜுவிட்டி) விட்டுவிடாதீர்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் அது உண்டு என்று 2009-இல் சட்டம் திருத்தப்பட்டது, 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஐந்து ஆண்டு முடித்தவருக்கு, முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில். அடிப்படைச் சம்பளமே 16,000 என்றால் ஒன்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 83,000 ரூபாய். பள்ளி தராவிட்டால் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம் மனு கொடுக்கலாம், அதற்கு வக்கீல் கட்டாயமில்லை. நியமனக் கடிதம், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கின் பக்கங்கள், பள்ளி அடையாள அட்டை ஆகியவற்றின் நகலை இந்த வாரமே எடுத்து வீட்டில் வையுங்கள்.